இடுப்புத் தழும்பின் நிறம்

மேனியில் சில இடங்களின் பெயரைச் சொல்லும்போதே எங்கள் வீட்டுப் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பாவாடையின் நாடா இறுகும் இடம் அவற்றுள் ஒன்று. இடுப்பெலும்பு முடிந்து அடிவயிறு சரியத் தொடங்குகிற இடப்பக்கத்தில், நாடாவின் முடிச்சு வந்து உட்காரும் இடத்தில், எனக்கு நெடுங்காலமாக ஒரு தழும்பு இருந்தது. முதலில் அது நிறம் மாறியது. பிறகு புண்ணாகித் திறந்துகொண்டது. அந்தப் புண் மூடுமா மூடாதா என்ற ஒரே கேள்வியில் என் வாழ்வின் கடைசிச் சில ஆண்டுகள் கழிந்தன. கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இயன்ற அளவு முறையான சொற்களில் அதனை எழுத முயல்கிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் இரண்டு தறி உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டேன். ஒன்றில் என் கணவர் நெய்தார். மற்றொன்றில் நான் நெய்தேன். குழித்தறியில் நெய்பவர் தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார வேண்டும். நெய்த துணி சுருளுகிற சதுரக் கட்டைக்குப் படமரம் என்று பெயர். அது நெய்பவரின் வயிற்றை ஒட்டிக் குறுக்கே கிடக்கும். முன்னால் குனியும்போதெல்லாம் வயிறு அதில் அழுந்தும். பெண்களாகிய எங்களுக்கு வயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவே இன்னொன்றும் இருந்தது. பாவாடையின் இடப்பக்கத்தில் கட்டுவதற்காக விட்டிருக்கும் திறப்பு வழியே நாடாவின் முடிச்சு நேராகத் தோலின் மீது உட்காரும். காலையில் கட்டிய முடிச்சு மாலை வரை அங்கேயே இருக்கும். மேலே புடவைக் கொசுவத்தின் கனம், உள்ளே வேர்வை, முன்னால் கட்டை.

எங்கள் தெருவில் நெய்கிற பெண் எவளுக்கும் இடுப்பைச் சுற்றிக் கறுத்த கோடு ஒன்று இருக்கும். அதை நோயென்று ஒருவரும் கருதியதில்லை. அந்தி நேரத்தில் தறியை விட்டு எழுந்து, முடிச்சைத் தளர்த்தி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு நகத்தால் சொறிந்துகொள்வதில் ஒரு சுகம்கூட உண்டு. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு கோடையில் முடிச்சு அழுந்தும் இடத்தில் தோல் வெடித்தது, ஆறியது. மீண்டும் வெடித்தது, மீண்டும் ஆறியது. ஒவ்வொரு முறை ஆறும்போதும் அந்த இடம் தன் நிறத்தில் கொஞ்சத்தை இழந்தது. கடைசியில், கறுத்த கோட்டின் நடுவே புளியங்கொட்டை அகலத்துக்கு வெளுத்துப்போய், பூண்டுத் தோல் போல மினுமினுத்து, தொட்டால் சுருங்குகிற ஒரு தழும்பாக நின்றது.

வெளுப்பு என்றால் எங்களுக்கு அச்சம். அது வெண்குஷ்டம் என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும். அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு யாரும் படியேற மாட்டார்கள். என் மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆகையால் தழும்பை நான் யாருக்கும் காட்டவில்லை, கணவருக்கும் காட்டவில்லை. மஞ்சள் அரைத்துப் பூசினேன். கரிசலாங்கண்ணிச் சாறு விட்டேன். வெளுத்த இடம் கொஞ்ச நேரம் மஞ்சளாகவும் பச்சையாகவும் இருந்துவிட்டு, குளித்ததும் முன்போலவே வெளுத்து நிற்கும். மருந்துக் கடைக்குப் போய், முழங்கையில் படை என்று பொய் சொல்லி ஒரு களிம்பு வாங்கினேன். கடைக்காரர் முழங்கையைப் பார்க்க விரும்பினார். புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, இது என் நாத்தனாருக்கு என்றேன். அந்தக் களிம்பு அரிப்பை அடக்கியது. அடக்கியதால் தொடர்ந்து பூசினேன். தோல் இன்னும் மெல்லியதாயிற்று.

மகளுக்குத் திருமணமாகி அவள் சென்னைப் பக்கம் போய்ப் பல ஆண்டுகள் ஆன பின்பு, அந்தத் தழும்பு ஒரு நாள் திறந்துகொண்டு மூட மறுத்தது.

இதை முதலில் கண்டுபிடித்தவள் எங்கள் தெருமுனையில் பாவாடையும் ரவிக்கையும் தைக்கிற பெண். அவள் தையல் பொறியின் ஓசை எங்கள் தறி ஓசைக்கு நடுவே பகலெல்லாம் கேட்கும். இசுலாமியக் குடும்பத்தவள். என்னைவிடப் பதினைந்து வயதாவது சிறியவள். வாயாடி, ஆனால் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லாத வாயாடி. பழைய பாவாடை இரண்டை இடுப்புப் பட்டி மாற்றிக் கொடுக்கச் சொல்லி அவளிடம் கொடுத்திருந்தேன். அவள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கணவர் நெசவாளர் சங்கத்துக்குப் போயிருந்த நேரம்.

“அக்கா, இது இன்னா கறை?” என்றாள்.

“வெத்தல எச்சில் பட்டிருக்கும்.”

“வெத்தல எச்சிலு எங்க படும்னு எனக்குத் தெரியாதா? இடுப்புல எவனாச்சும் துப்புவானா? எடப்பக்கமா, முடிச்சு வர்ற எடத்துல, ரெண்டு பாவாடைலயும் அதே கறை இருக்குது. துணிய நான் பொரட்டிப் பொரட்டித்தான பாக்கறேன், மூஞ்சிய பாக்கறதில்ல. காட்டு.”

“இன்னாத்த காட்டச் சொல்ற?”

“நான் இன்னா ஆம்பளையா? கதவ சாத்து. காட்டு.”

காட்டினேன். அத்தனை ஆண்டுகளில் என் கண்ணைத் தவிர வேறு கண் அதைப் பார்த்தது அப்போதுதான். அவள் கையிலிருந்த பாவாடையைச் சுருட்டிக் கீழே வைத்தாள். பிறகு, “சாயங்காலம் கெளம்பு. செவிலிமேட்டுல ஒரு லேடி டாக்டர் உக்காருது. தோலுக்குன்னே படிச்சது,” என்றாள்.

“வர்ற வெள்ளிக்கிழம போவலாம்.”

“வெள்ளிக்கிழம எனக்கு வேல இருக்குது. இன்னிக்குத்தான் போவணும். ஷரம், வெக்கம்னு பாத்துக்கினு இருந்தா ஒடம்பு கேக்குமா?”

செவிலிமேட்டில் புது வீடுகள் வந்திருக்கும் பகுதியில், ஒரு மாடியின் கீழ்த்தளத்தில் அந்த மருத்துவர் மாலை வேளையில் நோயாளிகளைப் பார்த்தார். என் மகளைவிட இளையவர். திரைக்குப் பின்னால் என்னைப் படுக்க வைத்து, விளக்கை இழுத்து அருகில் கொண்டுவந்து, நெடுநேரம் பார்த்தார். எவ்வளவு காலமாக, என்ன பூசினீர்கள், தறியில் எவ்வளவு நேரம் என்று கேட்டார். தையற்காரி திரைக்கு வெளியிலிருந்தே நான் சொல்லும் பதில்களைத் திருத்தினாள்.

“அம்மா, இது வெண்குஷ்டம் கெடையாது,” என்றார் மருத்துவர். “பயப்படாதீங்க. திரும்பத் திரும்ப அழுத்தி, உரசி, புண்ணாகி ஆறுன எடம். அதான் கலர் போயிருக்கு. அந்தக் கலரு திரும்ப வராது. ஆனா நான் கவலப்படறது கலரப் பத்தி இல்ல.”

“அப்புறம் எதப் பத்தி?”

“இந்தப் புண்ணு மூடணும். பழைய தழும்புல வர்ற புண்ணு மூடாம நின்னுச்சுன்னா அது வேற மாதிரி மாறலாம். மருந்து தர்றேன். அந்த எடத்துல நாடா, முடிச்சு எதுவும் படக் கூடாது. தறிலயும் உக்காரக் கூடாது. நைட்டி போட்டுக்குங்க. மெத்துனு இருக்கற துணிதான் மேல படணும். அடுத்த தடவ வரும்போதும் மூடலன்னா, ஒரு துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்.”

வேற மாதிரி என்பது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. எங்கள் ஊரின் எல்லையில் அந்த நோய்க்கென்றே ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. அந்த வழியில் பேருந்து நின்றால் இறங்குகிறவர்களின் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் இடையூறு நைட்டியிலிருந்தே தொடங்கியது. எங்கள் தெருவில் இளம் பெண்கள் நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போவதுண்டு. நான் அதைக் குறை சொன்னதில்லை. ஆயினும் நான் போட்டுக்கொண்டதில்லை. நான்கு மாட வீதியும் சுற்றிவரும் சாமி புறப்பாடு வாசலில் வந்து நிற்கும்போது, தேங்காய்த் தட்டை ஏந்திக்கொண்டு புடவையில்லாமல் நிற்பது எனக்கு ஆகாது. என் சிக்கலைச் சொன்னதும் தையற்காரி ஒரு வழி கண்டாள். பள்ளிக்கூடப் பெண்குழந்தைகள் அணியும் பாடிப் பாவாடை போல, தோளிலிருந்து தொங்குகிற உள்பாவாடை ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்தாள். இடுப்பில் நாடாவே இல்லை.

“போட்டுக்கினு வா, பாக்கலாம்,” என்றாள். போட்டுக்கொண்டு வந்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ரெட்ட சடை போட்டா அஞ்சாம் கிளாஸ்ல சேத்துக்குவாங்க,” என்றாள்.

“பொடவைய எங்கடி சொருவறது?”

“அதான் யோசிக்கறேன்.”

புடவை நிற்கவில்லை. பிடித்துக்கொள்ள இறுக்கமான இடுப்பு இல்லாத புடவை, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பதற்குள் கொசுவத்தோடு நழுவி விழுந்தது. இரண்டு நாள் கையால் பிடித்துக்கொண்டே நடந்தேன். அதற்கு மேல் இயலவில்லை. மீண்டும் என் பழைய அரக்கு நிறப் பாவாடைகளை எடுத்தேன்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. மருத்துவர் மெத்தென்ற பொருள்தான் படலாம் என்றார். பருத்தி நாடா முரடு. அது தழும்பைத் தின்றது உண்மை. எங்கள் வீட்டில் அதனினும் மெல்லிய பொருளுக்குக் குறைவா? தறியில் ஏற்றிய ஒரு பாவு நூல் முடிந்து அடுத்த பாவுக்கு நிறம் மாற்றும்போது மிஞ்சுகிற பட்டு இழைகளைச் சேர்த்து வைத்திருந்தோம். அரக்குச் சாயம் ஏற்றிய இழைகளில் ஒரு பிடி எடுத்து, மூன்று புரியாகப் பின்னி, பாவாடையில் கோத்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குழந்தையின் கை போல இருந்தது. உலகத்தில் வேறு எந்த ஊர்ப் பெண்ணும் தன் புண்ணுக்கு இவ்வளவு விலையுயர்ந்த மருத்துவம் செய்துகொண்டிருக்க மாட்டாள்.

பட்டு வழுக்கும் என்பதை அறியாதவளா நான்? பருத்தி நாடாவில் ஒரு முடிச்சு போதும். பட்டுக் கயிற்றில் இரண்டு முடிச்சுப் போட்டும், நடக்க நடக்கத் தளர்ந்தது. ஆகவே இன்னும் இழுத்து, மூன்றாவதும் போட்டேன். அது வலிக்கவில்லை. வலிக்காததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். தறியில் உட்காரவில்லை, கணவரிடம் முதுகுவலி என்று சொல்லியிருந்தேன். கொடுத்த களிம்பைத் தவறாமல் பூசினேன்.

புண்ணை நான் நேராகப் பார்க்க முடியாது. வயிற்றின் சரிவு மறைக்கும். கண்ணாடியைத் தாழ்வாகப் பிடித்துச் சாய்த்துப் பார்ப்பேன். கண்ணும் முன்போல் இல்லை. சில நாட்களில் ஒரு மாறுதல் தெரிந்தது. வெளுத்துக் கிடந்த அந்தத் தழும்பின் மேல் மெல்லச் செம்மை படர்ந்தது. முதலில் விளிம்பில், பிறகு நடுவில். பல ஆண்டுகளாக நிறமற்றுக் கிடந்த இடம் நிறம் பெறுவதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். சதை ஊறுகிறது என்று நினைத்தேன். புதுச் சதை சிவப்பாகத்தானே இருக்கும். அந்தக் கலரு திரும்ப வராது என்று அந்த இளம்பெண் சொன்னாளே, வந்துவிட்டதே என்று உள்ளூர ஒரு கர்வமும் உண்டாயிற்று.

அந்த நாட்களைப் போல் மகிழ்ச்சியான நாட்கள் அண்மைக் காலத்தில் எனக்கு வாய்த்ததில்லை. சமையற்கட்டில் எனக்கு நானே பேசிக்கொண்டேன். மகளுக்குத் தொலைபேசியில், பொங்கலுக்கு வா, இந்த முறை திருப்புட்குழிக் கோயிலுக்குச் சேர்ந்து போகலாம் என்றேன். தறியைத் துடைத்து வைத்தேன். தையற்காரியிடம் போய், “ஆறிக்கினு வருது. கலரு வந்துக்கினு இருக்குது,” என்றேன்.

அவள் பொறியை நிறுத்தினாள். “நெஜமாவா? நல்ல நசீப்பு உனக்கு, அதிர்ஷ்டக்காரி. நான் நாலு வேள துவா கேட்டேன், அதான்.”

“அஞ்சு வேள தொழுவீங்க இல்ல, நீ நாலா தொழுத?”

“காலைல எழுந்திருக்க முடியலக்கா. அதுக்கும் சேத்து மன்னிப்பு கேட்டுட்டேன்.”

இருவரும் சிரித்தோம். மருத்துவரிடம் மறுபடி போன மாலையில் நான் புதுப் புடவை உடுத்திக்கொண்டு போனேன்.

மருத்துவர் விளக்கை இழுத்தார். குனிந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மீண்டும் குனிந்தார். அவர் நெற்றி சுருங்கியதை, வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். பஞ்சில் ஏதோ நீர்மருந்தை நனைத்து, அந்த இடத்தை மெதுவாகத் துடைத்தார். பஞ்சை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார். வேறு பஞ்சை எடுத்தார். அதுவும் சிவந்தது. மூன்றாவது பஞ்சு வெளிர்ச் சிவப்பாயிற்று.

“அம்மா, இங்க என்ன பூசினீங்க? குங்குமமா?”

“நீங்க குடுத்த மருந்துதான் பூசினேன்.”

அவர் என் பாவாடையின் முடிச்சைக் கையில் எடுத்தார். களிம்பின் பசையிலும் வேர்வையிலும் ஊறி அந்தக் கயிறு கருஞ்சிவப்பாய்க் கனத்திருந்தது. விரலால் தேய்த்தார், விரலில் சாயம் ஏறியது.

“இது என்ன கயிறு?”

“பட்டு,” என்றேன். “நீங்கதான மெத்துனு இருக்கணும்னு சொன்னீங்க.”

அவர் சிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. திரைக்கு வெளியே தையற்காரி, “பட்டா?” என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. தண்ணீரில் அலசினால் நிற்கிற சாயத்தைத்தான் நாங்கள் நல்ல சாயம் என்போம். வேர்வையும் களிம்பும் சேர்ந்து பகலெல்லாம் ஊறினால் அது நிற்குமா என்று எங்கள் தெருவில் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. புடவையை அப்படி யாரும் உடுத்துவதில்லை.

சாயம் போனபின் எஞ்சியதை மருத்துவர் ஒரு கைக்கண்ணாடி வைத்து எனக்குக் காட்டினார். வெளுப்பு அப்படியே இருந்தது. புண் முன்பைவிட அகன்றிருந்தது. அதன் விளிம்பு, வடையின் ஓரம் போல மேலே தூக்கிக்கொண்டு கட்டியாக நின்றது. “இந்த ஓரத்தத் தொட்டுப் பாருங்க,” என்றார். தொட்டேன். அது என் உடம்பைச் சேர்ந்ததாகத் தோன்றவில்லை.

“வலிக்குதா?”

“இல்ல.”

“வலிக்காம இருக்கறதுதான் நல்லதில்லம்மா,” என்றார். அன்றே ஒரு துளி சதையை எடுத்தார்.

திரும்பும் வழியில் தையற்காரி ஒரு சொல்லும் கேலி செய்யவில்லை. அவளிடமிருந்து நான் எதிர்பார்த்த ஒரே ஆறுதல் அந்தக் கேலிதான். அதையும் அவள் தரவில்லை. நகரப் பேருந்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

முடிவு வந்ததும் மருத்துவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். தழும்பு புற்றாகிவிட்டது, ஊரெல்லையில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், அந்த இடத்தை அகலமாக வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். “கயிறு கட்டாம இருந்திருந்தா தப்பிச்சிருக்குமா?” என்று கேட்டேன். இது எத்தனையோ வருடமாக நடந்துகொண்டிருந்தது, அந்தச் சில நாட்களால் வந்ததல்ல என்றார். அவர் சொன்னது உண்மையா, இரக்கமா என்று இன்றுவரை நான் அறியேன்.

இனிக் கணவரிடம் மறைக்க இயலாது. அவர் தறியில் இருந்தார். குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, நெய்யும் கை நிற்கக் காத்திருந்து சொன்னேன். அவர் நெய்த துணியை விரலால் நீவினார்.

“இத்தினி வருசமா எங்கிட்ட சொல்லல.”

“சொல்ற எடமா அது?”

“நான் யாரு?” என்றார். படமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, “எனக்குந்தான் படமரம் வயித்துல இடிக்குது. எனக்கு ஒண்ணும் ஆவலியே,” என்றார்.

“நீங்க கைலி கட்டிக்கினு நெய்யறீங்க. கைலில ஏது நாடா?”

அவர் தம் இடுப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குழியிலிருந்து ஏறி வந்து, “காட்டு,” என்றார். காட்டினேன். மணமாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், பட்டப்பகலில், தறிக்கூடத்து வெளிச்சத்தில் அவர் என் இடுப்பைப் பார்த்தது அன்றுதான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

அறுவை நடந்தது. மருத்துவமனையில் என்னை ஒருவரும் குறைவாக நடத்தவில்லை. எவ்வளவோ பேருக்கு நடுவே என்னிடமும் பொறுமையாகப் பேசினார்கள். தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் பாதி பிடித்தது; பாதி கறுத்து உதிர்ந்தது. பிடித்த பாதியின் நிறம் சுற்றியிருக்கும் எந்த நிறத்தோடும் சேரவில்லை. வேறு துணியில் கிழித்த ஒட்டுப் போல அது என் மேல் கிடக்கிறது. தொடையில் தோலெடுத்த இடமும் வெளுத்துப்போயிற்று. நிறம் போன ஒரு தழும்புக்கு மருத்துவம் பார்க்கப் போய், இப்போது எனக்கு நிறம் போன இடங்கள் இரண்டு.

வீட்டுக்கு வந்ததும் நைட்டியே உடையாயிற்று. பழகிக்கொண்டேன் என்று எழுதினால் அது பொய்யாகும். புறப்பாடு வரும்போது உள்ளேயே இருந்துகொள்கிறேன். மேளச் சத்தம் வாசலைக் கடந்து போவது கேட்கும். தறியில் உட்கார நினைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என் தறியில் இப்போது வேறொருவர் கூலிக்கு நெய்கிறார். அவரும் பெண்தான். முதல் நாளே அவளைத் தனியே அழைத்து, முடிச்சை ஒரே இடத்தில் போடாதே, பட்டையான பட்டி வைத்துத் தைத்துக்கொள் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அந்தியில் எழுந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொறிந்துகொள்கிறாள். மேற்கொண்டு நான் என்ன சொல்வது?

ஒட்டுப் பிடிக்காத பாதி மூடவே இல்லை. அதைக் கழுவித் துணி மாற்றும் வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார். வெந்நீரில் உப்புப் போட்டு ஆற வைப்பார். அறுந்த இழையைப் பிணைப்பதற்குக் குனிவது போலவே புண்ணுக்கு மேல் குனிவார். வலிக்கிறதா என்று கேட்க மாட்டார். என் கால் விரல்களைப் பார்த்தே தெரிந்துகொள்வார். பிறகு அரையில், தொடை தொடங்கும் இடத்தில், ஒரு நெறி கட்டியது. சாதாரணக் காய்ச்சலுக்குக் கட்டும் நெறி என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அதற்குக் கதிர்வீச்சு வைத்தார்கள். அந்த இடமும் கருகி, புண்ணோடு சேர்ந்துகொண்டது.

சென்ற மாதம் மறுபடி போனோம். கணவருக்குக் காய்ச்சல், ஆகையால் தையற்காரி கூட வந்தாள். அங்கே என்னைப் பார்க்கும் பெரிய மருத்துவர் வயதில் மூத்தவர், அதிகம் பேசாதவர். பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அதுவரை அவர் என்னிடம் நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறார்.

“இனிமே வெட்டறதுல பலன் இல்லம்மா. கதிரும் திரும்ப வெக்க முடியாது. வலி தெரியாம இருக்க மாத்திர தர்றோம். புண்ண சுத்தமா வெச்சுக்குங்க.”

“மூடாதுங்களா?”

“மூடாதும்மா.”

இத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியை ஒருவரிடமும் நான் அவ்வாறு நேராகக் கேட்டதில்லை. ஒருவரும் அவ்வாறு நேராகப் பதில் சொன்னதும் இல்லை. அவரை வணங்கிவிட்டு எழுந்தேன். தையற்காரி எனக்கு முன்னால் நடந்தாள், முகத்தைக் காட்டாமல். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, “சென்னைல வேற எடம் பாக்கலாமாக்கா? பொண்ணு அங்கதான இருக்குது,” என்றாள்.

“வேணாம்.”

“ஒரே ஒரு தடவ.”

“அவரு உக்காந்து சொன்னாரு. பாத்த இல்ல?”

பேருந்து வந்தபோது, என் புண் இடிபடாதபடி கூட்டத்தைத் தன் முதுகால் தடுத்துக்கொண்டு ஏறினாள். “கொஞ்சம் தள்ளுய்யா, ஒடம்பு முடியாதவங்க ஏர்றாங்க, கண்ணு இன்னா பின்னாலயா இருக்குது,” என்று நடத்துனர் வரை எல்லோரையும் திட்டினாள். வீட்டு வாசல் வரை வந்தாள், உள்ளே வரவில்லை.

கணவர் காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“இன்னா சொன்னாங்க?”

“சுத்தமா வெச்சுக்கச் சொன்னாங்க. மாத்திர குடுத்திருக்காங்க.”

“அடுத்து எப்ப வரச் சொன்னாங்க?”

“வரச் சொல்லல.”

மகளிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சமையற்கட்டுக்குப் போய், அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைத்தார். நானே வைத்துக்கொள்கிறேன், காய்ச்சலில் ஏன் எழுந்தீர்கள் என்றேன். அவர் திரும்பவில்லை. தண்ணீர் சுடும்வரை பாத்திரத்தின் முன்னாலேயே நின்று, உப்பு டப்பாவைத் திறந்து, எவ்வளவு போடுவது என்று, தினந்தோறும் தாமே போடுகிறவர், என்னைக் கேட்டார்.